பொழுது சாய்வதற்குள் அவிழ்க்க வேண்டிய முடிச்சு

அந்த முடிச்சை நான் முதலில் பார்த்தது முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரத்தில். கட்டிலில் உட்கார்ந்திருந்த, எல்லாரும் பெரியம்மா என்று கூப்பிடும் மூதாட்டியின் இடுப்பைச் சுற்றி ஒரு பழைய நூல் சேலை. அதன் இரண்டு முனைகளும் முதுகுப் பக்கமாகப் போய்க் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் கட்டப்பட்டிருந்தன. முடிச்சு உறுத்தக் கூடாதென்று நடுவில் ஒரு குட்டித் தலையணை வேறு செருகியிருந்தார்கள். அந்தத் தலையணையைப் பார்த்ததும்தான் எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்கானது. தெரியாமல் செய்தவர்கள் தலையணை வைப்பார்களா? பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

“யாரு வேலை இது?” என்று கத்தினேன்.

ஓடிவந்தது அங்கே உதவியாளராக இருந்த மலைக்கார அக்கா. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சோற்றுக் கரண்டியோடு வந்து நின்றவர் முகத்தில் பயமோ கூச்சமோ மருந்துக்கும் இல்லை.

“நாந்தானுங்க சிஸ்டர். ஏனுங்க, இறுக்கமா இருக்குதுங்களா?”

“மாடுன்னு நினைச்சீங்களா, கட்டிப் போடறதுக்கு?”

“மாட்டுக்குக் கயிறுங்க. இது துணிதானுங்களே.” அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. “மொளகு பறிக்கப் போறப்ப, நடை பழகற புள்ளைகள நாங்க இப்படித்தானுங்க பலா மரத்துல கட்டீட்டுப் போவோம். காடெல்லாம் சரிவுங்க. உட்டா உருண்டு ஓடைக்கே போயிருமுங்க. எங்கம்மா என்னையும் கட்டுச்சு, நான் எம்புள்ளைகளையும் கட்டுனேன். பாசத்துலதானுங்க கட்றது.”

பாசமாம்! நான் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். சனியன், வரவில்லை. மலைக்காரர்கள் போடுகிற முடிச்சு அது. இழுக்க இழுக்க இறுகும். கடைசியில் அந்த அக்காவே வந்து ஒரு முனையை மடக்கித் தட்டிவிட்டார். சேலை தானாக நழுவி விழுந்தது. இடுப்பில் தோல் சிவந்து, அதன் கீழே ஒரு இடத்தில் கன்றிப்போயிருந்தது. படுக்கைப்புண் ஆரம்பிக்கிற இடம் அது. என் வேலையே அந்தச் சிவப்பைப் பார்த்துப் பயப்படுவதுதான்.

நான் அடிவாரத்துக்காரி. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து, முட்டியும் தேய்ந்து, மேலே இருந்தவர்களோடு வாய்ச்சண்டையும் முற்றி, ‘போதுமடா சாமி’ என்று மலையேறியவள். மலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்பார்கள். அப்படி வளப்பூர் நாட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் தன் அப்பா கட்டிய ஓட்டு வீட்டைப் பின்பக்கம் நீட்டி, பத்துக் கட்டில் போட்டு, முதியோர் இல்லம் நடத்திக்கொண்டிருந்தார். பிள்ளைகள் திருப்பூருக்கும் சேலத்துக்கும் பிழைக்கப் போய்விட்ட மலைக்கார வீடுகளின் பெரியவர்கள்தான் அங்கே இருந்தார்கள். வாத்தியார் நல்ல மனிதர். ஆனால் நல்ல மனிதராக இருப்பதே போதும் என்று நினைக்கிற வகை. நான் போன பிறகுதான் குளிப்பாட்டும் இடத்தில் திரை வந்தது. படுத்த படுக்கையானவர்களை நேரம் பார்த்துப் புரட்டிவிடுவதும், தலையை நிமிர்த்தி உட்கார வைத்தே கஞ்சி ஊட்டுவதும் வந்தன. இதற்கெல்லாம் தலையாட்டியவர் பெரியம்மாவை அவிழ்த்துவிட்டதற்கு மட்டும் தலையாட்டவில்லை.

“நீங்க சொல்றது புஸ்தகத்துல சரிங்க சிஸ்டர். அந்தம்மாவுக்கு மறதி நோய். பொழுது சாய்ஞ்சா எந்திரிச்சு ஓடுவாங்க. ஒருக்கா ரோடு வரைக்கும் போயிட்டாங்க. நம்ம ஊடு நாலு பக்கமும் சரிவு.”

“கட்டிப் போட்டா கால் சூம்பிப் போகும் சார். புண்ணு வரும். அவசரத்துக்கு எந்திரிக்க முடியாம படுக்கையிலயே போவாங்க. அவுத்துக்கப் பார்த்துச் சரிஞ்சு, துணி கழுத்துல மாட்டிச் செத்தவங்களை நான் பார்த்திருக்கேன்.”

கடைசி வாக்கியம் அவரை அசைத்துவிட்டது. “சரி, அவுத்து உடுங்க. ஆனா ஏதாச்சும் ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லோணும்,” என்றார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது எனக்குக் கைவந்த கலை. “சொல்றேன்,” என்றேன்.

அவிழ்த்த பிறகு பெரியம்மா மாறிப்போனார். முதலில் சுவரைப் பிடித்து நடந்தார். அப்புறம் சுவர் தேவைப்படவில்லை. தானே கழிப்பறைக்குப் போனார். சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து மலைக்கார அக்காவுக்குப் பூண்டு உரித்துக் கொடுத்தார். உரித்த பூண்டையும் தோலையும் ஒன்றாகவே கலந்து வைப்பார், அது வேறு விஷயம். யார் வந்தாலும், “வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்பார். நாலு தடவை கடந்து போனால் நாலு தடவையும் கேட்பார்.

ஆனால் பொழுது சாய்ந்தால் அவர் வேறு ஆள். எதிர்ச் சரிவில் வெயில் மஞ்சளாகும்போதே எழுந்துவிடுவார். “பொழுது போச்சு, பொழுது போச்சு” என்று கதவுக்கும் கட்டிலுக்குமாக அலைவார். எங்கே போக வேண்டும் என்று கேட்டால், “காட்டுக்கு” என்பார். தோட்டத்தையும் வயலையும் காடு என்றே சொல்கிற ஊர் இது. காலமெல்லாம் காட்டு வேலை செய்த பெண்ணுக்கு வேறு எங்கே போகத் தோன்றும்? மறதி நோய் உள்ளவர்கள் பலர் அந்தி நேரத்தில் அமைதி இழப்பார்கள் என்று நான் படித்ததும் உண்டு, பார்த்ததும் உண்டு. அதனால் விளக்கைச் சீக்கிரம் போடச் சொன்னேன். பேச்சுக் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். இருட்டி வெகுநேரம் ஆன பிறகு அவரே களைத்துத் தூங்கிப்போவார். சமாளித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

பலாப்பழக் காலம் வந்தது. ஒரு நாள் மதியத்துக்கு மேல் நல்ல மழை கொட்டி விட்டிருந்தது. நான் உள்ளறையில் ஒரு தாத்தாவின் குதிகால் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் ஏற்றிய ஜீப் வந்தது. வாத்தியார் வாசல் கேட்டைத் திறந்துவிட்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். மலைக்கார அக்கா அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடினார். நான் கட்டுப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது சமையற்கட்டு வாசலில் பாதி உரித்த பூண்டு மட்டும் இருந்தது.

“பெரியம்மா எங்கக்கா?”

“உங்ககூட இருக்கறாங்கன்னு நெனச்சனுங்களே!”

வீடு முழுக்கத் தேடினோம். கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன். கேட் திறந்தபடியே கிடந்தது. அடிவாரத்துக் காரவள்ளிக்குப் போகிற பஸ் சற்று முன்னால்தான் ஹாரன் அடித்துவிட்டுப் போயிருந்தது. இந்த மலையில் ஒரு பெரிய மனுஷி ரோட்டோரம் நின்றால் கை காட்டவே வேண்டாம், டிரைவர் தானாக நிறுத்துவார். பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஏறி உட்கார்ந்துவிட்டால் அத்தனை வளைவும் இறங்கிக் கீழே போய்விடலாம். அங்கிருந்து எங்கே போனார் என்று யாரைக் கேட்பது? வாத்தியார் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் பின்னாலேயே விரட்டிப் போனார். நானும் அக்காவும் வீட்டின் பின்பக்கச் சரிவில் இறங்கினோம்.

மழை விட்ட பிறகு மேகம் இறங்கியிருந்தது. பத்தடிக்கு அப்பால் மரமா மனுஷனா என்று தெரியவில்லை. காலடியில் மண் சோப்பைப் போல வழுக்கியது. என் தேய்ந்த முட்டி ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிற்று. அதைவிடக் கெட்டதாக நான் சொன்னேன். எங்கும் பலாப்பழ வாசம். வேறு நாளாக இருந்தால் மூக்கை விரித்து இழுத்திருப்பேன். அன்று அந்த வாசமே பயமாக இருந்தது. பழம் பழுத்தால் கரடி வரும் என்று அக்காதான் முந்தின வாரம் சொல்லியிருந்தார். இப்போது அவர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“பெரியம்மோவ்!” என்று அவர் கூப்பிட்டார். சத்தம் மேகத்துக்குள் போய் அமுங்கியது. கீழே ஓடையில் புதுத் தண்ணீர் இரைந்துகொண்டு போவது மட்டும் கேட்டது.

மிளகுக் காட்டின் வரப்பில் ஒரு செருப்பு கிடந்தது. இடது கால் செருப்பு. அவர் மகன் போன தடவை வாங்கி வந்த நீல ரப்பர் செருப்பு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சரிவின் கீழே எட்டிப் பார்த்தேன். ‘சொல்றேன்’ என்று வாத்தியாரிடம் வீம்பாகச் சொன்னது காதில் ஒலித்தது. எதைச் சொல்வேன்? ஓடையில் விழுந்து கிடந்தால், கட்டக் கூடாது என்பதுதான் முறை என்று அந்த மகனிடம் போய்ச் சொல்வேனா? அப்போதும் அவிழ்த்தது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அது சரி என்பதும் என் பயத்தைத் துளிகூடக் குறைக்கவில்லை.

அக்காதான் முதலில் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். கீழே, மேகத்துக்குள், யாரோ முனகுகிற சத்தம்.

பெரியம்மா ஒரு பலா மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றார். மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி ஏறியிருந்தது. அவர் அந்தக் கொடியை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் ரத்தம். வெறும் இடது கால் கிழிந்து மண்ணும் ரத்தமுமாக இருந்தது. அவருக்குப் பின்னால் சில அடியிலேயே சரிவு முடிந்தது. அதற்குக் கீழே ஓடை. அடுத்தடுத்து இருந்த மரங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றின் கீழும் பிய்த்த கொடி கிடந்தது. ஒவ்வொரு மரமாகத் தடவிக்கொண்டே வந்திருக்கிறார்.

நான் மெதுவாகப் பக்கத்தில் போனேன். அப்போதுதான் அவர் சொல்லிக்கொண்டிருந்தது முழுதாகக் காதில் விழுந்தது.

“புள்ளயக் கட்டி வெச்சுட்டுப் போயிட்டனே... பொழுது போச்சே... எந்த மரம்னு தெரியலயே சாமி... அழுது அழுது தொண்டை கட்டியிருக்குமே...”

என் பின்னால் வந்த அக்கா அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

தினமும் அந்தியில் இந்த மனுஷி கதவைத் தட்டியது இதற்குத்தான். தன்னைக் கட்டிப் போட்டிருந்த நாட்களில்கூட அவர் தன் கட்டுக்காகத் திமிறவில்லை. எங்கேயோ ஒரு மரத்தடியில் ஒரு பிள்ளை கட்டிக் கிடக்கிறது, இருட்டப் போகிறது, அம்மா போகவில்லை. இந்தப் பதைப்பு அவருக்கு ஒவ்வொரு நாளும் புதிதாக வந்திருக்கிறது. நாங்கள் விளக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது கையைப் பிடித்து இழுத்தால் திமிறுவார். திமிறினால் கீழே ஓடை. பிள்ளையே இல்லை என்று சொன்னால் பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் சொன்னேன்: “அம்மா, புள்ளய அவுத்தாச்சுங்க. ஊட்டுக்குத் தூக்கீட்டுப் போயாச்சு.”

கை நின்றது. திரும்பிப் பார்த்தார். “யாரு அவுத்தது?”

“இந்த அக்காதானுங்க.”

அக்கா எழுந்து நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமாங்க. நாந்தான் அவுத்தேன்,” என்றார்.

“அழுதானா?”

“இல்லீங்க. தூங்கீட்டான்.”

பெரியம்மா அக்காவின் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மரத்தை விட்டார். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஏறுவதும் சறுக்குவதுமாக வீடு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் அவர் அக்காவுக்கு நன்றி சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும் அக்கா, கட்டிலின் காலில் இன்னும் சுற்றிக் கிடந்த அந்தப் பழைய சேலையை எடுத்துக்கொண்டு போய் அடுப்பில் வைத்துவிட்டார்.

பஸ்ஸை மறித்துப் பார்த்துவிட்டு வெறும் கையோடு திரும்பியிருந்த வாத்தியார், நான் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போதே மகனுக்குப் போன் செய்தார். காட்டுப் பக்கம் ஓடிவிட்டார், காலில் காயம் என்ற அளவுக்குத்தான் சொன்னார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவர் கத்தியது போனை விட்டு வெளியே வந்து எனக்கும் கேட்டது.

“கட்டிப் போடுங்கன்னு மொதல்லயே சொன்னனுங்களே! எங்கம்மா என்னையுந்தான் கட்டிப் போட்டா. நானென்ன செத்தா போயிட்டேன்?”

ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், கட்டுவதற்கென்றே விற்கிற பெல்ட்டை வாங்கி வருவதாகவும் சொன்னார். வாத்தியார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“பையன் சொல்றதுதானுங்க முடிவு. கட்டச் சொன்னா கட்டோணும். உங்களுக்கு அது ஆகாதுன்னா, அவரு கூட்டீட்டுப் போகட்டும்.”

திருப்பூரில் அவர்கள் இருந்தது ஒற்றை அறை. புருஷனும் பெண்டாட்டியும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். அங்கே கூட்டிப் போனால் பகலெல்லாம் வெளியே பூட்டுதான். இங்கே இருந்தால் பெல்ட். எந்தப் பக்கம் போனாலும் பெரியம்மாவுக்குக் கட்டு நிச்சயம். அந்தி வந்தால் அந்தப் பிள்ளையை அவிழ்க்க அவரால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது.

“கட்டினா நான் கிளம்பிடுவேன் சார்.”

“காலையில பஸ் இருக்குதுங்க,” என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தகவல் சொன்னார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதனால் கோபம் இன்னும் கூடிற்று.

ஞாயிறு வரைக்கும் நானும் அக்காவும் எங்களால் ஆனதைச் செய்தோம். பெரியம்மாவின் கட்டிலைச் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் மாற்றினோம். கேட்டில் ஒரு மாட்டு மணியைக் கட்டினோம். பொழுது சாயும் முன்னாலேயே அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப் போய் வீட்டை ஒட்டிய பலா மரங்களைக் காட்டி, “பாருங்க, ஒண்ணுலயும் புள்ள இல்லீங்க, அவுத்தாச்சு” என்றோம். கேட்டுக்கொள்வார், மூச்சு விடுவார். திரும்பி வந்து கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கதவுக்கு வருவார். இதை வைத்துக்கொண்டு அந்த மகனிடம் என்ன வாதாடுவது? சாண் ஏறினால் முழம் சறுக்கியது.

ஞாயிறன்று பிற்பகல் மகன் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்து, சண்டைக்கு முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். வந்தவர் வளைவுகளில் வாந்தி எடுத்து வெளிறிப்போயிருந்தார். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. மலையில் பிறந்தவருக்கு மலைப்பாதை ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தது. கையில் மெடிக்கல் கடையின் பிளாஸ்டிக் பை.

கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா அவரைப் பார்த்ததும், “வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார்.

“அம்மா, நாந்தாம்மா.”

“எந்த ஊருங்க?”

மகன் தண்ணீரை வாங்கிக் குடித்தார். அம்மாவின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். பிறகு முன்னறையில் வாத்தியாருக்கும் எனக்கும் எதிரே வந்து உட்கார்ந்து, பையிலிருந்து பெல்ட்டை எடுத்தார். பஞ்சு வைத்துத் தைத்த பட்டை, இரண்டு பக்கமும் நீளமான வெள்ளை நாடா. பார்க்க மெத்தென்றுதான் இருந்தது.

“இது வலிக்காதுங்களாம். கேட்டுத்தான் வாங்குனேன்.”

நான் ஆரம்பித்தேன். புண், கால் சூம்புவது, கழுத்தில் மாட்டுவது என்று வாத்தியாரிடம் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுவது என்றால் அது டாக்டர் பார்த்து, வேறு வழியே இல்லாதபோது, கொஞ்ச நேரத்துக்கு, பக்கத்தில் ஆள் இருந்து செய்வது. ஆள் பற்றாக்குறைக்காகக் கட்டுவது வைத்தியமில்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கேட்கக் கேட்க நாடாவை எடுத்து இடது கையில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“அவுத்து உட்டா உழுக மாட்டாங்கன்னு உங்களால சொல்ல முடியுங்களா சிஸ்டர்?”

அந்தக் கேள்விக்கு நான் பயந்துகொண்டிருந்தேன். பொய் சொல்லியிருக்கலாம். “முடியாதுங்க,” என்றேன்.

“அப்பறம்? மிஷின்ல நிக்கறப்ப போன் அடிச்சாலே எனக்குக் கை நடுங்குதுங்க. ஓடையில கெடக்கறாங்கன்னு ஒரு போன் வந்தா நான் என்ன பண்ணுவேன்?” சொல்லும்போதே நாடா மணிக்கட்டுக்கு ஏறியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. விரல்கள் வெளுத்தன. “எனக்கு அம்மா உசுரோட இருந்தாப் போதுங்க. கட்டிப் போட்டாச்சும்.”

அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே வடிந்துவிட்டது. பயந்தவனோடு எப்படிச் சண்டை போடுவது? பலா மரத்தடியில் பெரியம்மா சொன்னதை அவருக்கு யாரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் முன்னறை ஜன்னலில் வெயில் மஞ்சளாகிவிட்டது. கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம். “பொழுது போச்சு, பொழுது போச்சு...”

வாத்தியார் என்னைப் பார்த்தார். இப்போது அந்த மகன் நேரிலேயே பார்க்கப் போகிறார், பார்த்த பிறகு பெல்ட்டை யாராலும் தடுக்க முடியாது என்று நினைத்தேன். அக்கா பிடிக்க வருவதற்குள் பெரியம்மா நொண்டிக்கொண்டே முன்னறைக்கு வந்துவிட்டார். எங்களைத் தாண்டி வாசலுக்குப் போகப் போனவர், மகனின் பக்கத்தில் வந்ததும் நின்றார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. நாடா சுற்றியிருந்த கையைப் பார்த்தார்.

“ஐயோ சாமி,” என்றார்.

அடிபட்ட காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பூண்டையும் தோலையும் பிரிக்கத் தெரியாத அந்த விரல்கள் நாடாவின் முனையைத் தேடி எடுத்து, ஒரு மடிப்பை நீக்கி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தன. கொஞ்சமும் தடுமாறவில்லை.

“பொழுது போயிருச்சா கண்ணு? அம்மாளக் காணோம்னு அழுதியா? வேல முடியலடா சாமி. அதான் நேரமாயிருச்சு. தெனமும் ஓடிதான் வாரேன், தெனமும் பொழுது முந்திக்குது...” கடைசிச் சுற்றும் கழன்றது. மணிக்கட்டில் நாடா பதிந்த தடத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தார். “வலிக்குதா?”

மகன் உதட்டைக் கடித்துக்கொண்டார். தன்னைத் தேடித்தான் அம்மா ஒவ்வொரு அந்தியிலும் ஓடுகிறாள் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “இல்லம்மா,” என்று சொன்னார். கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே நன்றாக இருட்டும் வரைக்கும் பெரியம்மா அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவர் வாசல் பக்கம் திரும்பாத முதல் அந்தி அது. அக்கா சமையற்கட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதார். நான் அங்கேயே, எல்லார் முன்னாலும் அழுதேன்.

மறுநாள் காலைப் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது மகன் பெல்ட்டைப் பையில் போட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். கேட்டருகே நின்று, “தெனமும் பொழுது சாயற நேரத்துல நான் போன் பண்ணட்டுங்களா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று அந்தியில் போன் வந்தது. ஸ்பீக்கரைப் போட்டுப் பெரியம்மாவின் கையில் கொடுத்தேன்.

“அம்மா, நாந்தாம்மா. வந்துட்டேன்.”

“யாருங்க?” என்றார் பெரியம்மா. கண் வாசலிலேயே இருந்தது. அவருடைய பிள்ளை இன்னும் நடை பழகுகிற பிள்ளை. ஒரு பெரிய ஆம்பளையின் குரல் அவருக்கு யாரோ ஒருவருடையது. நேற்றைய கையும் நேற்றோடு போய்விட்டது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அக்கா அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார். எனக்குக் கேட் மணிதான் ஞாபகம் வந்தது.

போனில் அந்தக் குரல் மாறியது. யாரோ ஒரு பெரிய மனுஷியிடம் அந்நிய மனிதன் மரியாதையாகப் பேசுகிற குரல்.

“ஏனுங்க அம்மா, உங்க பையனைப் பாத்தனுங்க. நாந்தான் அவுத்துக் கூட்டியாந்தேன். ஊட்டுக்கு வந்து சேந்துட்டானுங்க.”

பெரியம்மா உட்கார்ந்தார். “நெசமாவா? அழுதானுங்களா?”

“இல்லீங்க.”

“நீங்க நல்லா இருப்பீங்க சாமி. உங்களப் பெத்தவ நல்லா இருப்பா.”

அதற்குப் பிறகு மகன் தினமும் அழைக்கிறார், தினமும் இதையேதான் சொல்கிறார். சில நாள் பெரியம்மா அப்படியும் எழுந்து வருவார். அன்றைக்கு நாங்கள் அவர் கூடவே நடப்போம். ஆனால் பெரும்பாலும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைசியாக ஒன்று கேட்பார், அதற்குப் பதில் வந்ததும் பூண்டு உரிக்க உட்கார்ந்துவிடுவார்.

“சாப்பிட்டானுங்களா?”

“சாப்பிட்டானுங்க.”

போனில் மகனுக்குப் பின்னால் கம்பெனி மிஷின் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும்.